இடது மூலையில் ஒரு சதுரம்

கோட்கா துறைமுகம். ஜனவரி.
கடலில் திரை உறைந்து கிடந்தது.
கட்டுப்பாட்டு அறையில் மட்டும்
திரை துடித்துக்கொண்டிருந்தது.

அழித்து வரைந்தது கணினி.
வரைந்து அழித்தது.
அழித்ததற்கும் வரைவதற்கும் நடுவே
ஒரு கருப்பு.
நொடிக்குப் பலமுறை
துறைமுகமே இல்லாமல் போய்த்
திரும்பி வந்தது.
இரவுப்பணி முடிந்து போகும் வெய்க்கோவுக்குக்
கண்ணை மூடினாலும் கப்பல்கள் குதித்தன.
மனைவியின் முகம்கூட
நடுங்கித்தான் தெரிகிறதாம்.

அதைச் சரிசெய்ய வந்தவள் ஐரா.
கம்பளிக் கையுறையின் விரல்நுனிகளை
வெட்டிவிட்டுத் தட்டச்சு செய்கிறவள்.
மனிதர்களோடு பேச்சுக் குறைவு,
இயந்திரத்தோடு ஓயாத முணுமுணுப்பு.

நினைவகத்தில் இடம் கேட்டாள்,
இன்னொரு திரை அளவுக்கு.
யார் கண்ணிலும் படாத திரை.
"பார்க்கவே முடியாததற்கா இவ்வளவு செலவு?"
என்றார் மேலாளர் லிண்ட்க்விஸ்ட்.
அவள் இன்னும் கொஞ்சம் காபி ஊற்றிக்கொண்டாள்.

இனி வரைவதெல்லாம் அங்கே.
கரைக்கோடு, ஆழ எண்கள், மிதவைகள்,
பனியுடைக்கும் கப்பல் ஹெல்மி,
அதன் பின்னால் வாத்துக்குஞ்சுகளாக
மூன்று சரக்குக் கப்பல்கள்.
பாதி வரைந்த தீவு, பெயர் ஒட்டாத படகு,
அரைகுறை எல்லாம் இருட்டோடு போகட்டும்.
முடிந்ததும் காட்டிவிடக் கூடாது.
ஒளிக்கற்றை கடைசி வரியைத் தீட்டிவிட்டு
மேல் மூலைக்குத் திரும்பும்
அந்த இமைப்பொழுதுக்குக் காத்திருந்து
ஒரே ஒரு முகவரியை மாற்ற வேண்டும்.
பின்னது முன்னதாகும்.
முன்னது இருட்டுக்குப் போய்
வெறுமையாகி நிற்கும்.
படம் எதுவும் இடம்பெயர்வதில்லை.
எது திரை என்பதுதான் மாறுகிறது.

துடிப்பு நின்றது.
வெய்க்கோ வெகுநேரம் பார்த்தார்.
"கண்ணாடியில் ஒட்டினமாதிரி இருக்கு."
அவர் பாராட்டில் அதுதான் உச்சம்.

பதினாறு நாள்.

பதினேழாம் இரவு, இரண்டு மணி சுமாருக்கு,
ஏதோ ஒரு கப்பலின் தூரம் சுழியம் என்று
அனுப்பிவிட்டது ராடார்.
அந்தச் சுழியத்தைச் சுற்றத் தொடங்கிய நிரலுக்கு
வெளியேறும் வழி எழுதப்பட்டிருக்கவில்லை.
இருட்டுத் திரையில்
பாதித் தீவோடு கை நின்றது.
மாற்றும் கணம் வரவே இல்லை.
முன்னால் இருந்ததோ முழுப்படம்.
நடுக்கமில்லை, கீறலில்லை.
பழைய நிரல் என்றால்
பாதியில் செத்திருக்கும்,
செத்தது தெரிந்திருக்கும்.

பனிக்கடலில் கப்பல் போவதும் நிற்பதும்
ஏறக்குறைய ஒன்றுதான்.
வெய்க்கோ பார்த்தார். எல்லாம் சரி.
ரொட்டிக்கு வெண்ணெய் தடவினார்.
பார்த்தார். எல்லாம் சரி.
பதினொரு நிமிடம்.

வானொலியில் ஹெல்மியின் தலைவி,
அலுத்த குரலில்:
"தீவைத் தாண்டியாச்சு."
திரையில் ஹெல்மி
தீவுக்கு இந்தப் பக்கம்.
ஜன்னலைப் பார்த்தார். ஜன்னல் முழுக்கப் பனி.
"மறுபடி சொல்லுங்க" என்றார்.
இப்போது குரல் நடுங்கியது.

எதுவும் எதன்மீதும் மோதவில்லை.
அறிக்கை ஒன்றரைப் பக்கம்.
பிழையைத் திருத்த நாற்பது நிமிடம் ஆனது ஐராவுக்கு.
அதன் பிறகும் வீட்டுக்குப் போகவில்லை,
அந்த அழகான படத்தைப் பார்த்தபடி இருந்தாள்.
தெய்வம் இமைக்காது. மீன் இமைக்காது.
பிணமும்தான்.

விடிவதற்குள் இன்னும் நான்கு வரி சேர்த்தாள்.
இடது கீழ் மூலையில்
எள்ளளவு சதுரம்.
திரைகள் முப்பது முறை இடம் மாறினால்
வெள்ளை. இன்னும் முப்பது, கருப்பு.

"திரும்பத் துடிக்குதே" என்றார் வெய்க்கோ.
"ஆமா. அது நின்னா என்னைக் கூப்பிடுங்க."

அவள் போன பிறகு
வெண்ணெய் விரலால் அந்த மூலையைத் தொட்டார்.
கண்ணாடி வெதுவெதுப்பாக இருந்தது.